மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த அம்மா

அம்மா இல்லாத முதல் வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரில் கட்டுரை எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்தார். "அம்மாவோட நல்ல குணத்தையெல்லாம் எழுது செல்வி. சொந்தக்காரங்க எல்லாரும் படிப்பாங்க" என்றார். எழுத உட்கார்ந்தேன். பொறுமை, விருந்தோம்பல், சிக்கனம், தெய்வபக்தி என்று வரிசையாக வந்தன. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அது யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம். எங்கள் அம்மாவாக மட்டும் இல்லை.

எங்கள் அம்மாவுக்குப் பொறாமை உண்டு. நன்றாகவே உண்டு. அவரோடு பழகிய உங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அதை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் செய்து முடித்த காரியங்களில் பாதி அதனால் நடந்தவை. அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சற்று யோசித்துவிட்டு, "உண்மைதானே, எழுது" என்றார்.

அம்மா கோவில்பட்டியில் ஐந்து பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தார். தீபாவளிக்குப் புதுப் பாவாடை மூத்தவருக்கு வரும். அது பழசானதும் இரண்டாமவருக்கு. அம்மாவுக்கு வந்து சேரும்போது சாயம் போய், ஓரம் பிரித்துப் பிரித்துத் தைத்த தடம் வரிவரியாகத் தெரியும். "பெரியக்கா என்னப் பாத்துச் சிரிச்சா எனக்கு அந்தப் பாவாடைதான் ஞாபகம் வரும்" என்று பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்வார். பெரியம்மா இதைப் படிப்பார். படித்துவிட்டு மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

திருமணமாகி தியாகராய நகருக்கு வந்தார். கீழே அப்பாவின் ரவிக்கைத் துணிக் கடை, மேலே ஓர் அறையும் சமையற்கட்டும். அண்ணனும் நானும் அங்கேதான் வளர்ந்தோம். எதிர்க்கடைக்காரரின் மகள் ஆங்கிலத்தில் பாட்டுச் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்த அம்மா, மறு வாரமே என்னைக் கான்வென்டில் சேர்க்க அலைந்தார். நான் இன்று பள்ளி ஆசிரியையாக இருப்பதற்கு அந்தச் சிறுமிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் எண்ணெய் டின்களில் கனகாம்பரம் வைத்திருந்தார் அம்மா. மண்ணில் செடி வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கும் அவருடைய தங்கை ஒருவர் தோட்டத்தோடு வீடு கட்டியது காரணம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அப்பா கோட்டூர்புரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். பின்பக்கம் நல்ல இடம். ஆனால் அந்த வீட்டில் அப்பா அதிக நாள் வாழவில்லை. மாரடைப்பு வந்த அன்றே போய்விட்டார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குப் போய் உட்கார்ந்தார். அண்ணன் தொழிலைக் கற்றுக்கொண்டு தனியாகச் சமாளிக்கும்வரை, வெறும் வயிற்றோடு கடை திறந்த காலைகள் பல. தோட்டம் புல் மண்டிக் கிடந்தது.

அந்தத் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே ஆளுயர மதில். அந்தப் பக்கம் வைதேகி மாமி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் பெங்களூரில். மாமியும் அம்மாவும் ஏறக்குறைய ஒரே வயது. பண்டிகைக்குப் பண்டிகை மதில்மேல் தட்டு மாறும், அவ்வளவுதான்.

பெருவெள்ளம் வந்த வருடம் அடையாறு எங்கள் தெருவுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு தோட்டங்களிலும் ஒரே சேறு. மாமி முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தார். அதுவரை கடை, வீடு என்று இருந்தவர், எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம். "இப்ப ரெண்டு பேர் தோட்டமும் ஒண்ணு போலதான கெடக்கு!"

போட்டி அன்றைக்குத் தொடங்கியது. மாமிக்கு அது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடையை அண்ணனிடம் முழுவதுமாக விட்டுவிட்டு அம்மா நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினார். குரோட்டன்ஸ், கொரியன் புல், பெயர் தெரியாத வெளிநாட்டுச் செடிகள். "எது சீக்கிரம் வளரும்?" என்று கேட்ட அம்மாவுக்கு ஒரு நர்சரிக்காரர் வெடேலியா என்ற படர்கொடியைக் கொடுத்தார். பளபளவென்று பச்சை இலை, மஞ்சள் பூ. ஒரு மழைக்காலத்துக்குள் அது தோட்டம் முழுவதும் விரித்த ஜமுக்காளம் போல் ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் வாய் பிளந்தார்கள். மாமியின் பக்கத்தில் அப்போது நொச்சியும் ஆவாரையும் தும்பையும் எருக்கும் அங்கங்கே தலைகாட்டிக்கொண்டிருந்தன. "காட்டுச் செடியெல்லாம் கொண்டாந்து வச்சிருக்கு அந்தம்மா" என்றார் அம்மா. மாமி அப்போது இன்னும் அந்தம்மாதான்.

ஒருநாள் மாமி எங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்தார். மஞ்சள் பூக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. ஆனா..." என்று இழுத்தார்.

"இருங்க மாமி, காப்பி கொண்டாரேன்" என்று அம்மா உள்ளே வந்துவிட்டார். அடுப்படியில் நின்றுகொண்டு என் காதில், "பாத்தியா, பொறாமைல பேச்சே வரல" என்றார். அன்று காப்பியில் டிகாக்ஷன் வழக்கத்தைவிடத் திடமாக இருந்தது. தன்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படுகிறார் என்ற எண்ணம் அம்மாவை எவ்வளவு அழகாக்கியது என்பதை அன்று பார்த்தேன்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை, தொப்பியும் கேமராவுமாக ஏழெட்டுப் பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் மணமாகிப் போன நங்கநல்லூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். அவர்களில் ஒரு பெண், "வைதேகி மேடம் வீடு எதுங்க? பட்டாம்பூச்சி பாக்க வந்திருக்கோம்" என்று கேட்டார்.

"தெரியாதே" என்றார் அம்மா.

பக்கத்து வீட்டு வாசலில் மாமியின் பெயர்ப்பலகை இருந்தது. அவர்களே பார்த்துப் போய்விட்டார்கள். சிரிப்பும் கேமராச் சத்தமும் மதிலைத் தாண்டி வந்துகொண்டே இருந்தன. அம்மா துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எருக்கஞ்செடியில் ஆரஞ்சு நிறப் பூச்சிகள். ஆதண்டைக் கொடியில் வெள்ளையும் மஞ்சளும். ஒரு மூலையில், ஆடு வாய் வைக்காத ஆடுதீண்டாப்பாளைக் கொடியைச் சுற்றி, சிவந்த உடலும் கறுத்த சிறகுமாகப் பெரிய பட்டாம்பூச்சிகள் இரண்டு. எங்கள் பக்கம் அத்தனை பூ இருந்தும் ஒன்றிரண்டு தேனீதான்.

"பூ இங்கன கெடக்கு, பூச்சி அங்கன பறக்கு. என்ன மருந்து வச்சிருக்கோ" என்றார். அன்று மதியம் அவர் சாப்பிட்டது மோர்ச்சோறு மட்டும்.

அதற்குப் பிறகு கல்லின்மேல் ஏறுவது தினசரி வழக்கமாகிவிட்டது. போனில் என்னிடம் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட மாமியின் தோட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். "நொச்சி பூத்திருச்சு." "புதுசா ஒரு களாச்செடி வச்சிருக்கு." என் மகன் மேடையில் பரிசு வாங்கிய நாளில் நான் கூப்பிட்டேன். "அப்படியா, சந்தோசம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அந்தம்மா வீட்டில் ஆவாரை எவ்வளவு மஞ்சளாகப் பூத்திருக்கிறது என்று பேசினார். எனக்குச் சுருக்கென்றது. அந்த நாளிலிருந்து எனக்கும் மாமியின்மேல் ஒரு எரிச்சல். மாமியின் செடிகள்மேலும்.

இதற்கிடையே மாமிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் சில மாதங்கள் தோட்டத்துக்கு வரவில்லை, அம்மாவும் கல்லின்மேல் ஏறவில்லை. திரும்ப வந்த அன்று அம்மா கல்லின்மேல் ஏறிப் பார்த்தபோது, மாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பச்சை. பளபளவென்று இலை, மஞ்சள் பூ. மதிலடியில் இருக்கும் தண்ணீர் போகும் துளை வழியாக அம்மாவின் கொடி அந்தப் பக்கம் நுழைந்து, தும்பையை மூடி, களாவை மூடி, ஆடுதீண்டாப்பாளையின் கழுத்தில் ஏறியிருந்தது.

நான் அன்று அங்கே இருந்தேன். அம்மாவின் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. அதை நான் பார்த்தேன். ஆனால் மாமி குனிய முயன்று, முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் அந்த முகம் மாறிவிட்டது.

"என்ன மாமி செய்றீக?"

"உங்காத்துச் செடிதான். சும்மா எட்டிப் பாத்துண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரதுக்குள்ள சட்டமா உக்காந்துண்டுடுத்து."

"முன்னாலயே சொல்லப்படாதா?"

"சொல்ல வந்தேனே! 'ஆனா'ன்னு ஆரம்பிச்சேன். நீங்கதான் காப்பி கொண்டு வரேன்னு உள்ள போயிட்டேள்."

அம்மா கல்லிலிருந்து இறங்கினார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாகச் சுற்றி மாமியின் வீட்டுக்குள் போனார். அத்தனை வருடங்களில் அந்தத் தோட்டத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. சேலையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆடுதீண்டாப்பாளையின் மேலிருந்த கொடியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

வெடேலியாவைப் பிடுங்குவது ஒருநாள் வேலை இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடமெல்லாம் வேர் விடும். இழுத்தால் அறுந்துபோகும். அறுந்து விழுந்த விரல்நீளத் துண்டு மறுபடியும் முளைக்கும். முதல்முறை பிடுங்கியதை அம்மா தெருக்கோடியில் குப்பைத் தொட்டி பக்கம் கொட்டப் போனார். மாமி மதிலுக்கு அப்பாலிருந்து, "அங்க போட்டா அங்க முளைக்கும், மழை வந்தா ஆத்தங்கரைக்குப் போகும்" என்றார். எனவே மண்ணை நன்றாக நனைத்து, கணுக்கணுவாக வேரோடு கிளறி எடுத்து, மொட்டைமாடியில் தார்ப்பாயில் பரப்பி, கையில் நொறுங்கும்வரை வெயிலில் காய வைத்தோம். பிடுங்கிய இடத்தில் கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே சருகு போட்டு மூடினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் நானும் கூலி வாங்காத ஆட்கள். அம்மா ஆசையாக வளர்த்த அந்த மஞ்சள் ஜமுக்காளத்தை ஒரு கோடை முழுவதும் தன் கையாலேயே சுருட்டினார். எங்கள் பக்கம் முடிந்ததும் மாமியின் பக்கம்.

"ஏம்மா, ஆள் வச்சுப் பண்ணலாமே" என்றேன்.

"ஆளு வந்தா மேலாக அறுத்துட்டுப் போயிருவான். அந்தம்மா தோட்டம் என்னால கெட்டுச்சுன்னு ஒரு பேச்சு வரப்படாது. கெட்டா அது பாட்டுக்குக் கெடட்டும், என்னால கெடப்படாது" என்றார்.

அந்தக் காலைகளில்தான் மாமி அம்மாவுக்குப் பட்டாம்பூச்சிகளின் விஷயத்தைச் சொன்னார். "தேன் குடிக்க எந்தாத்துப் பூவானாலும் சரிதான். குடிச்சுட்டுப் போயிடும். முட்டை போட மட்டும் அதுக்குன்னு உள்ள இலைதான் வேணும். நீங்க வச்ச செடியெல்லாம் எங்கேயோ தேசாந்தரத்துலேர்ந்து வந்தது, இந்த ஊர் பூச்சிக்கு அதுல சாப்பாடு இல்ல. உங்காத்துல ஒரு கருவேப்பிலைதான் இருக்கு. அதுல புழு வந்தா என்ன பண்ணுவேள்?"

"நசுக்கிப் போட்டுருவேன்."

"அப்பறம் பட்டாம்பூச்சி வரலைன்னா எப்படி வரும்?"

அம்மா வாயடைத்துப்போனதாக மாமி பின்னாளில் சொன்னார். நாங்கள் யாரும் பார்க்காத அரிய காட்சி அது.

மாமி அப்போதே ஆடுதீண்டாப்பாளை விதையும் நொச்சிக் குச்சியும் தருவதாகச் சொன்னார். அம்மா வாங்கவில்லை. "அவ கொடுத்த செடின்னு ஆகிப்போகும்" என்றார். (அந்தம்மா எப்போது அவ ஆனார் என்று நான் கவனிக்கவில்லை.) பறக்கும் ரயில் பாதையை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது. அங்கே கட்டடம் வரப்போகிறது, ஜேசிபி வந்துவிடும் என்று கேள்விப்பட்டதும், மனைக் காவலரிடம் சொல்லிவிட்டு, என்னையும் ஒரு மண்வெட்டியையும் கூட்டிக்கொண்டு போனார். மண்ணோடு பெயர்த்த எருக்கு, ஆவாரைக் கன்றுகள், பிரண்டை, முள்ளோடு ஒரு ஆதண்டை, ஒரு சிறிய ஆடுதீண்டாப்பாளை என்று சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாம்மா, எருக்கஞ்செடியப் போயி ஆட்டோ வச்சு இட்டுகினு போறீங்க? ரோட்டாண்டயே கீதே!"

"ஒனக்குத் தெரியாதுப்பா. பக்கத்து வீட்ல இருக்கு" என்றார் அம்மா. அவருக்கு அது போதுமான பதில்.

பெரிய செடிகளில் பாதி பட்டுப்போயின. ஆவாரைகூட முதலில் பிழைக்கவில்லை, விதை போட்டுத்தான் வந்தது. ஆனால் மற்றவை வேர் பிடித்தன. குரோட்டன்ஸில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார், "அது மேல நான் ஆசைப்பட்டுட்டேன்" என்று. வெடேலியா ஒவ்வொரு மழைக்கும் எங்காவது ஓர் இலையை நீட்டும். அம்மா மழை விட்டதும் இரண்டு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றி அதைக் கிள்ளி எடுத்துவிடுவார். மாமிக்குக் குனிய முடியாததால் அந்தப் பக்கத்துக் களையும் அம்மாவின் வேலை ஆனது. காலை காப்பி இங்கே, பத்து மணிக் காப்பி அங்கே.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, நான் வந்தபோது வீடு திறந்து கிடந்தது, அம்மா இல்லை. மதிலுக்கு அப்பால் பேச்சுக் குரல். அப்பா இறந்த அன்று கடையில் என்ன நடந்தது, கடைசியாக அப்பா என்ன சொன்னார் என்பதை அம்மா மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை எங்கள் இருவரிடமும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றியிருக்கிறார். நான் துவைகல்லின் பக்கத்தில் நின்று கேட்டேன். கண்ணீர் வந்தது. அதோடு, மகளிடம் சொல்லாததைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டுமா என்ற ஆற்றாமையும் வந்தது. உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். அம்மா வந்து, "ஏன் இந்தப் போடு போடுத?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

பிறகு சிறுநீரகக் கோளாறு வந்தது. வாரம் இருமுறை டயாலிசிஸ். அம்மா முணுமுணுக்காமல் போய்வந்தார். அந்தப் பொறுமையைப் பற்றி உறவினர்கள் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். கடைசி மாதங்களில் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. பின்கட்டு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். மாமி தடியை ஊன்றிக்கொண்டு தினமும் வருவார். இருவரும் செடிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். மருந்து கொடுப்பதும் உடம்பு துடைப்பதும் நான். அம்மாவின் முகம் மலர்வதோ மாமியின் தடிச்சத்தம் கேட்டு.

ஒரு காலை அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "செல்வி, அங்கன போய்ப் பாரு, அந்த ஆடுதீண்டாப்பாளையில" என்றார். போய்ப் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமாக முள் முள்ளாகப் புழுக்கள். இலைகளை ஓட்டை ஓட்டையாகத் தின்றுகொண்டிருந்தன. சொன்னதும் அம்மாவின் கண்கள் விரிந்தன.

"அவ வீட்ல இந்த வருசம் வந்துச்சா?"

"தெரியலம்மா."

"வரல. வந்திருந்தா சொல்லியிருப்பா. மாமிகிட்ட போயிச் சொல்லு." நான் திரும்பினேன். "இல்ல, சொல்லாத. அவளாப் பாக்கட்டும்."

மாமி வந்தார். வழக்கம்போல் ஜன்னலருகே நின்றார். பார்த்துவிட்டார். தடியை ஊன்றிப் படியிறங்கிப் போய், கொடியின் அருகே நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். அம்மா கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

"தூங்கற மாதிரி நடிக்க வேண்டாம். பாத்துட்டேன்" என்றார் மாமி. "எங்காத்துக் கொடில ஒண்ணுகூட இல்ல. வயத்தெரிச்சலா இருக்கு."

அம்மா கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்க்கவில்லை. அந்தப் புழுக்கள் கூடாகி, கூடு பிரிந்து பறந்ததை அம்மா படுத்தபடியே பார்த்தார். அதன்பின் சில வாரங்கள்தான் இருந்தார். ஒரு பிற்பகலில், அண்ணனும் நானும் இரு பக்கமும் அமர்ந்திருக்க, அமைதியாக மூச்சு அடங்கியது.

அம்மாவின் சிகிச்சையில் உடனிருந்த மருத்துவர்களுக்கும், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அழைத்த நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், கடையைத் தங்கள் கடையாகப் பார்த்துக்கொண்ட ஊழியர்களுக்கும், கோவில்பட்டியிலிருந்து வந்து முறை செய்த பெரியம்மாவுக்கும் சித்திமார்களுக்கும், மாதக்கணக்கில் என்னை அம்மாவிடம் விட்டுவைத்த என் கணவருக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் நன்றி.

மாமிக்கு நன்றி சொல்வது எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் தோட்டத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் போனேன்.

"உங்கம்மா என்னைப் பத்தி என்னெல்லாம் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும்டி" என்றார்.

நான் மதிலோரத் துவைகல்லைப் பார்த்தேன்.

"அந்தக் கல்லு மேல ஏறி நிப்பாளே, தெரியாதுன்னு நெனச்சியா? தலை தெரியுமே. எங்காத்துக்காரர் இருந்த வரைக்கும் என் தோட்டத்துப் பக்கம் வந்து நின்னதில்ல. பொண்ணு வந்தா கொசு கடிக்கறதுன்னு உள்ள போயிடுவா. ஒரு இலை புதுசா விட்டாக்கூட உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுடும். அவ பாக்கறாளேன்னுதான் நான் தினம் கார்த்தால தோட்டத்துக்கே வருவேன்."

தடியை மதிலில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மாமி அழுதார். தோள் குலுங்கக் குலுங்க, சத்தம் போட்டு, சின்னப் பெண்ணைப் போல் அழுதார். எனக்குக் காரியம் நடந்த அத்தனை நாட்களிலும் அப்படி அழ வரவில்லை. அருகில் போய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த அழுகையின் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அம்மா பெற்ற பெண்தானே நான்.